குளிர் தாங்கும் செடியும் மாதனூர்க் கோடையும்

மாதனூர், ஆம்பூர், பள்ளிகொண்டா முதலிய பாலாற்றங்கரை ஊர்களில், வீட்டின் முன்புறத்தில் பூஞ்செடிகளும் அழகுச்செடிகளும் வைத்து வளர்க்கும் விருப்பம் பெருகி வருகிறது. முன்னர்க் களத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் விடப்பட்டிருந்த இடங்களில் இப்போது தளம் போட்ட வாசலும் அதன் இருமருங்கும் செடித்தொட்டிகளும் காணப்படுகின்றன. இவ்விருப்பம் பாராட்டத்தக்கதே. நாள் முழுதும் நிலத்தில் உழைத்துத் திரும்பும் குடும்பத்தார் வாசலில் நாலு பூச்செடிகளைக் காண விரும்புவதை ஆடம்பரம் என்று எவரும் சொல்லலாகாது. ஆயினும், இச்செடிகளுக்காகச் செலவாகும் பணம் பல வீடுகளில் சித்திரை வைகாசிக்குள் சருகாகிவிடுகிறது. அவ்வாறு பட்டுப்போவனவற்றைக் கவனித்தால், அவற்றுள் பல குளிர்ப்பிரதேசத்துச் செடிகளாயிருப்பது புலனாகும். “எவ்வளவு குளிரையும் தாங்கும், எளிதில் சாகாது” என்று சொல்லி விற்கப்பட்டவை அவை. விற்றவர் சொன்னது பொய்யன்று. அச்செடி குளிரைத் தாங்கும் செடியேதான். மாதனூரில் அதைக் கொன்றவை வெயிலும் கிணற்று நீரின் உப்புமாகும்.

செடி விற்பனைத் துறையில் ‘தாங்கும் செடி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது நலம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தோட்டக்காரனுக்குப் பெரும்பகை உறைபனியே. குளிர்காலத்தில் மண்ணும் நீரும் உறைந்து கட்டியாகும்போது எச்செடி உயிர்பிழைக்கும், எது அழியும் என்பதே அந்நாடுகளில் முதற்கேள்வி. ஆகவே, ஓரிடத்தில் ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவில் உஷ்ணம் எவ்வளவு தாழும் என்பதைக் கொண்டு நாடு முழுவதையும் மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு செடிக்கும் அது எந்த மண்டலம் வரை தாங்கும் என்று எண் குறித்தனர். அமெரிக்க விவசாய இலாகா 1960 ஆம் ஆண்டில் இத்தகைய படத்தை வெளியிட்டது. அது பின்னர்த் திருத்தப்பட்டு, கடைசியாக 2023 ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. இன்று இணையவழியாக விற்கப்படும் விதைப் பொட்டலங்களிலும் செடிச் சீட்டுகளிலும் காணப்படும் மண்டல எண்கள் பெரும்பாலும் இப்படத்தைச் சார்ந்தவையே.

இவ்வெண்களைக் கொண்டு மாதனூர்க் குடியானவர் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மார்கழி தை மாதங்களின் விடியற்காலத்தில் பாலாற்றங்கரையில் பனி கவியும். போர்வையின்றிக் களத்திற் படுப்பது கடினமாகும். எனினும் நீர் உறையும் நிலைக்கு உஷ்ணம் ஒருநாளும் தாழ்வதில்லை. அதற்கு நெடுந்தூரம் மேலேயே நின்றுவிடுகிறது. உறைநிலைக்குக் கீழே பதினைந்து டிகிரி வரை தாங்கும் என்ற சீட்டோடு மாதனூரில் ஒரு செடியை விற்பது, மானாவாரி மேட்டுநிலத்துக்குப் பரிசல் விற்பது போன்றது. பரிசல் நல்ல பரிசலாகவே இருக்கலாம்.

அமெரிக்கர்களே இக்குறையைப் பின்னர் உணர்ந்தனர். அந்நாட்டின் தென்பகுதிகளில் குளிருக்குத் தப்பிய செடிகள் கோடையில் மெலிந்து அழிவதைக் கண்டு, அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997 ஆம் ஆண்டில் வெப்ப மண்டலப் படம் ஒன்றை வெளியிட்டது. ஆண்டில் எத்தனை நாட்கள் 30 டிகிரி செல்ஸியஸுக்கு மேல் வெயில் ஏறுகிறது என்பதே அதன் அளவுகோல். ஒருநாள்கூட ஏறாத இடம் முதல் மண்டலம். 210 நாட்களுக்கு மேற்பட்டால் அது பன்னிரண்டாவதும் கடைசியுமான மண்டலம். வேலூர்ப் பகுதியில் மார்கழி தை நீங்கலாக ஏறக்குறைய எல்லா மாதங்களிலும் பகல் உஷ்ணம் 30 டிகிரியைக் கடப்பது வழக்கமாதலால், மாதனூர் இக்கடைசி மண்டலத்திலேயே அடங்கும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களும் பல. ஆகவே இவ்வூரில் செடி வாங்குவோர் கேட்கவேண்டியது கத்திரி வெயிலைப் பற்றிய கேள்வி. அதற்கு விற்பவரிடம் விடை இல்லையென்றால் செடியை அவரிடமே விட்டு வருவது உத்தமம்.

குளிரைத் தாங்கும் சக்தியும் வெப்பத்தைத் தாங்கும் சக்தியும் ஒன்றல்ல என்பது செடியின் உள்வேலையைப் பார்த்தால் விளங்கும். உறைபனியில் செடி சாவதற்குக் காரணம், அதன் திசுக்களில் உள்ள நீர் பனிக்கட்டியாகி நுண்ணறைகளைச் சிதைத்துவிடுவதே. குளிர்நாட்டுச் செடி, பனிக்காலம் நெருங்கும்போது சிறிது சிறிதாகத் தன் சாற்றில் சர்க்கரைச் சத்தை மிகுவித்து, வளர்ச்சியை நிறுத்தி, இலையுதிர்த்து உறங்கிவிடும். வெப்பத்தைத் தாங்கும் செடியின் தந்திரமே வேறு. அதன் இலை சிறிதாகவோ, மெழுகு பூசியது போலவோ, தோல்போல் தடித்தோ இருக்கும். வேர் ஆழ்ந்து செல்லும். நண்பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு நீரைக் காக்கும். பாலுள்ள செடிகளும் சதைப்பற்றுள்ள செடிகளும் தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்துவைக்கும். இவ்விரு தந்திரங்களையும் ஒருங்கே கற்ற செடிகள் சிலவே.

மேலும், குளிர்நாட்டுச் செடிகள் பலவற்றுக்குக் குளிர் ஒரு தேவையாகவும் இருக்கிறது. துலிப் போன்ற கிழங்குப் பூக்கள் பல வாரங்கள் கடுங்குளிரில் கிடந்த பின்னரே ஒழுங்காகப் பூக்கும். ஆப்பிள் மரம் சமவெளியில் தழைத்தாலும் காய்ப்பதற்குத் தடுமாறுவதும் இதனாலேயே. அன்றியும், செடி பகலில் வெயிலைக் கொண்டு ஆகாரம் தயாரிக்கிறது. இரவில் மூச்சுவிடுவதில் அதைச் செலவழிக்கிறது. இரவு எவ்வளவு உஷ்ணமாயிருக்கிறதோ அவ்வளவு செலவு மிகும். வைகாசி மாதத்து மாதனூர் இரவு, உதகையின் பகலைக் காட்டிலும் உஷ்ணமானது. அங்கிருந்து வந்த செடி, வரவைக் காட்டிலும் செலவு மிகுந்த குடும்பம் போல நாளுக்கு நாள் தேய்ந்து போகிறது. வேளாவேளைக்கு நீர் விட்டும் செடி மெலிகிறதே என்று வருந்துவோர் இதனைக் கவனிப்பாராக. அவ்வாறு மெலியும் செடிக்கு மேலும் மேலும் நீர் ஊற்றுவதால் வேர் அழுகி முடிவு விரைவாகிறது.

செடி வாங்கும் காலமும் இத்தொல்லையைப் பெருக்குகிறது. உதகமண்டலத்தில் மலர்க் கண்காட்சி மே மாதத்தில் நடைபெறுகிறது. பள்ளி விடுமுறையும் அப்பொழுதே. குடும்பத்தோடு மலைக்குச் செல்வோர், திரும்புகையில் ஹைட்ரேஞ்சியா, பியூஷியா, பிகோனியா, ஜெரேனியம் முதலிய செடிகளை ஆசையோடு வாங்கி வண்டியில் ஏற்றி வருகின்றனர். உதகை கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மாதனூரின் உயரம் 300 மீட்டர் அளவினதே. நூறு மீட்டர் இறங்குவதற்கு ஏறக்குறைய அரை டிகிரிக்குமேல் உஷ்ணம் கூடும் என்ற கணக்கின்படி, அச்செடி ஒரே நாளில் 12 டிகிரி ஏற்றத்தைச் சந்திக்கிறது. அதுவும் ஆண்டின் மிகக் கொடிய மாதத்தில். அது வளர்ந்த பையில் இருப்பதோ தென்னைநார்க் கழிவு கலந்த இலேசான மண். மாதனூர்க் களிமண்ணில் நட்டதும், சுற்றியுள்ள மண் ஈரமாகத் தோன்றும்போதே அந்த நார் உருண்டை உள்ளே உலர்ந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் நெடுஞ்சாலை வழியாக வரும் செடிகளின் நிலை இவ்வளவு மோசமில்லை. எனினும் அவையும் 900 மீட்டர் உயரத்து இளங்காற்றில் வளர்ந்தவையே.

ஹைட்ரேஞ்சியாவைப் பற்றி ஒரு சொல். மலையில் அதன் நீலக் கொத்துகளைக் கண்டு மயங்கி வாங்குவோர், அந்நீலம் புளிப்பு மண்ணின் கொடை என்பதை அறிவதில்லை. புளிப்பு மண்ணில் அலுமினியச் சத்து கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. காரமான மண்ணிலும் நீரிலும் அதே செடி வெளிறிய சிவப்பாகப் பூக்கும். பாலாற்றங்கரைக் கிணற்று நீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. ஆகவே கோடைக்குத் தப்பிப் பிழைத்தாலும் வாங்கியபோது கண்ட நிறம் கிடைக்காது.

இனி நீரைப் பற்றிச் சொல்லவேண்டும். மாதனூர்ப் பகுதியில் இதுவே வெயிலினும் பெரிய விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறளிப்பது. அத்தொழில் நிலத்தடி நீருக்கு இழைத்த தீங்கும் மறைக்கக்கூடியதன்று. பச்சைத் தோல் கெடாதிருக்கச் சாதாரண உப்பைத் தாராளமாகத் தூவி வைப்பர். பதனிடும்முன் அத்தோலை நீரில் ஊறவைக்கும்போது அவ்வுப்பு முழுதும் ஊறல் நீரில் இறங்கிவிடும். நெடுங்காலம் இந்நீர் ஓடைகளிலும் ஏரிகளிலும் ஆற்றிலும் விடப்பட்டது. இப்பகுதியைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் செய்த கணக்கெடுப்பின்படி, தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ சாகுபடிக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்று அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டன. ஆயினும் மண்ணிலும் கிணற்றிலும் ஏறிய உப்பு ஆணைகளால் இறங்குவதன்று. 2025 ஆம் ஆண்டு ஜனவரியில் இவ்விஷயம் மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு உள்ளானது.

நெல்லும் கரும்பும் தென்னையும் வைத்திருப்போர் இந்த உப்பை நன்கறிவர். கிணறு கெட்டதும் பயிரை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஆனால் அதே குடியானவர், தம் வீட்டு வாசலில் ரோஜா வைக்கும்போது அதே கிணற்று நீர்தான் அதற்கும் பாயப்போகிறது என்பதை மறந்துவிடுகிறார். உப்பைச் சிறிதும் பொறுக்காத செடிகளுள் ரோஜா முதன்மையானது. இலையோரம் தீய்ந்து, பழுத்து, உதிர்ந்து, மொட்டுக் கருகுவது பல வீடுகளில் பூச்சியின் வேலை என்று கருதப்பட்டு மருந்து தெளிக்கப்படுகிறது. மருந்துக் கடைக்காரருக்கு அதனால் இலாபம். செடிக்கு யாதொரு பயனும் இல்லை.

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை அறிவது இப்போது கடினமன்று. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்கள் வைத்திருக்கும் பேனா போன்ற சிறு மானி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று உடனே காட்டிவிடும். பாசன நீரைப் பொறுத்தவரை உலக உணவு வேளாண்மை நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டுதலின்படி, 450 மில்லிகிராமுக்கு உட்பட்ட நீர் எல்லாச் செடிகளுக்கும் ஏற்றது. 450 முதல் 2,000 வரையுள்ள நீரைப் பயன்படுத்துவதில் எச்சரிக்கை வேண்டும். 2,000-த்துக்கு மேற்பட்டால் உப்பைத் தாங்கும் செடிகளன்றி வேறெதையும் வைப்பது வீண். இந்த ஓர் எண்ணை அறிந்துகொள்வது, செடிச்சீட்டிலுள்ள குளிர்மண்டல எண்ணைக் காட்டிலும் ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

இவ்விடத்தில் ஒரு தீய வழக்கத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. கிணற்று நீர் கெட்ட ஊர்களில் வீடுதோறும் சுத்திகரிப்புக் கருவி வந்துவிட்டது. அக்கருவி நல்ல நீரை ஒரு குழாயிலும் கழிவு நீரை மற்றொரு குழாயிலும் வெளியேற்றும். கழிவு நீரை வீணாக்கலாகாது என்ற நல்லெண்ணத்தால் அதனைச் செடிகளுக்கு ஊற்றுகின்றனர். குடிக்கும் நீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு யாவும் அக்கழிவு நீரில்தான் செறிந்திருக்கிறது. கிணற்று நீரே செடிக்கு ஆகாதென்றால், அதனினும் செறிந்த இந்நீர் எப்படி ஆகும்? தரை கழுவவும் கழிப்பிடத்துக்கும் அது பயன்படட்டும். செடிக்கு மழைநீரே மருந்து. மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அது ஒரு குழாயோடும் ஒரு குழியோடும் நின்றுவிட்டது. ஆயிரம் சதுர அடிக் கூரையின்மேல் ஆண்டில் 900 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஆவியாவதும் சிந்துவதும் போக 65,000 லிட்டருக்குக் குறையாமல் நீர் கிடைக்கும். இருபது தொட்டிகளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் நூறு நாள் கோடைக்கு வேண்டியது 4,000 லிட்டரே. ஐயாயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்றை மூடிவைத்தால், உப்பைப் பொறுக்காத சில செடிகளையும் ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்தச் செடிகள் தகும் என்ற கேள்விக்கு விடை காண வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஆவாரையை எடுத்துக்கொள்ளலாம். கரம்பிலும் சாலையோரத்திலும் தானே முளைத்து, ஒரு துளி பாசனமுமின்றி ஆண்டின் பெரும்பகுதியும் பொன்போல் பூத்து நிற்கும் இச்செடியை எவரும் தோட்டத்தில் வைக்க எண்ணுவதில்லை. விலை கொடுத்து வாங்காததனால் அதற்கு மதிப்பில்லை. இப்பகுதிக்கு அதனோடு பழைய உறவு ஒன்றுண்டு. குரோம் உப்பு வருமுன்னர் சென்னை மாகாணத்துத் தோல்கள் ஆவாரம் பட்டையிலேயே பதனிடப்பட்டன. ஆங்கிலத்தில் அச்செடிக்குத் தோல் பதனிடுவோரின் கொன்றை என்னும் பொருள்படும் பெயரே வழங்குகிறது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்து அதன் இடத்தைப் பிடித்தது. அதன் தழை வயலுக்கு நல்ல உரம்; உவர் மண்ணையும் ஓரளவு பொறுக்கும். வருஷத்துக்கு ஒருமுறை மழைக்கு முன் அரையளவாக வெட்டிவிட்டால் புதர்போல் அடர்ந்து, விலைகொடுத்து வாங்கிய எந்த வேலிச்செடிக்கும் குறையாத அழகுடன் விளங்கும்.

வேலியும் மதிலும் மறைக்கக் காகிதப்பூ மிகத் தகுதியானது. அதற்கு நீர் அதிகமானால் இலை பெருகிப் பூ குறையும். வாடவிட்டு ஊற்றினால் பூ கொழிக்கும் என்பதைப் பலர் அறியார். நந்தியாவட்டை, செம்பருத்தி, மயிற்கொன்றை, நித்தியகல்யாணி, பவழமல்லி ஆகியவை நடுத்தரமான நீரில் நன்கு வாழும். இவற்றுள் நித்தியகல்யாணி வெயிலுக்கும் உவருக்கும் மிகவும் ஈடுகொடுக்கும்; ஆடும் அதைக் கடிக்காது. அரளி இவை எல்லாவற்றினும் உறுதியானது. நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் புகையிலும் புழுதியிலும் அது பூப்பதைக் காணலாம். ஆனால் அதன் இலை, பட்டை, பூ யாவும் நஞ்சு. வெட்டிப் போட்டுக் காய்ந்த தழையும் நஞ்சே. மாடு கன்று உள்ள வீட்டில் அரளியை வேலியாக வைப்பது தகாது. வெட்டிய கிளையைத் தீவனப் போரின் அருகிலும் போடலாகாது. நிழலுக்கு ஒரு மரம் வேண்டுவோர், உவர் மிகுந்த இடத்தில் பூவரசையும் புங்கையும் வைக்கலாம். நீர் சற்று நல்லதாயின் சரக்கொன்றை உண்டு. அதன் பூங்கொத்து சித்திரை வைகாசியின் கொடிய வெயிலிலேயே தொங்கும். மலைச்செடி கருகும் மாதத்தில் பூக்கும் மரம் அது.

இட்லிப்பூ வைப்போர், காரமான நீரில் அதன் தளிர் வெளுத்துப் போவதைக் காண்பர். இது இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமையால் வருவது. மல்லிகையிலும் இது காணும். லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைமேல் தெளித்தால் பசுமை திரும்பும். எனினும் ஆண்டு முழுதும் மருந்திட்டு ஒரு செடியை வாழவைப்பதைவிட வேறு செடியை நாடுவதே சிக்கனம். ரோஜாவில் மனம் விடாதவர்கள் பன்னீர் ரோஜாவை வைக்கட்டும். ஒட்டு ரோஜா வாங்குவோர் மேலே உள்ள பூவின் நிறத்தை மட்டும் பாராமல், அடியிலுள்ள வேர்ச்செடி யாது என்றும் கேட்கவேண்டும். மல்ட்டிபுளோரா என்னும் வேர்ச்செடி மலைக்கும் புளிப்பு மண்ணுக்கும் ஏற்றது; கார மண்ணில் அது நீடிக்காது. சமவெளிக்கு எட்வர்டு ரோஜாவின்மேல் ஒட்டியதே தகும்.

குளிர்காலப் பூக்களின்மேல் ஆசையே கூடாது என்பது கருத்தன்று. பெட்டூனியா, பிளாக்ஸ், டயாந்தஸ் முதலியவற்றைப் புரட்டாசியில் விதைத்து ஐப்பசியில் நட்டால், மார்கழி தை முழுதும் வாசல் வண்ணமயமாக இருக்கும். பங்குனியில் அவை முடிந்துவிடும். அவற்றை மூன்று மாதப் பயிராகக் கருதிப் பறித்தெறிந்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் விதைப்பவருக்கு ஏமாற்றமில்லை. கோடை முழுதும் காப்பாற்ற முயல்பவருக்கே நஷ்டம். சாமந்தி இரவு நீளும் காலத்தை உணர்ந்து பூப்பது. செண்டுமல்லியும் அக்காலத்துக்குத் துணை. இவை யாவற்றுக்கும் மேலாக, மார்கழிக் குளிருக்கென்றே டிசம்பர்ப்பூ இருக்கிறது. கனகாம்பரத்தின் இனத்தைச் சேர்ந்த அச்செடி இந்நாட்டுக்கே உரியது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் கேட்பாரற்றுக் கிடைக்கும். ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும்.

உண்மையில் குளிர் தாங்கும் அழகுச்செடி தேவைப்படும் இடம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. அது நீலகிரியின் மேல்பகுதி. அங்கே கார்த்திகை முதல் மாசி வரை விடியற்காலத்தில் உறைபனி படிந்து புல்வெளி வெள்ளையாகும். 1848 ஆம் ஆண்டில் மக்ஐவர் என்பாரது மேற்பார்வையில் உதகையில் அமைக்கத் தொடங்கிய அரசினர் தாவரவியல் தோட்டத்தில், இன்றும் மென்மையான செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியின் தழைகளால் மூடி வைக்கின்றனர். காலையில் வெயில் படுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைக்கின்றனர். ஏலகிரியில் நிலமுடைய மாதனூர்க்காரர் சிலருக்கு இது பொருந்துமோ என்ற ஐயம் எழலாம். ஏலகிரி ஏறத்தாழ 1,050 மீட்டர் உயரமே உள்ளது. அங்கே குளிர் உண்டு, உறைபனி வழக்கமில்லை. ஆகவே அங்கும் குளிர்மண்டல எண்ணைத் தேடவேண்டியதில்லை. பெங்களூரில் வாழும் செடி அங்கே வாழும் என்று கொள்வது ஏறக்குறையச் சரியாக இருக்கும்.

நீலகிரி மற்றொரு பாடமும் புகட்டுகிறது. குளிரைத் தாங்குமென்று ஐரோப்பியர் தம் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த கோர்ஸ், ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூச்செடிகள் அங்கே வேலியைத் தாண்டி வெளியேறின. மலையின் புல்வெளிகளை அவை விழுங்கி வருகின்றன. தோல் பட்டைக்காக வளர்க்கப்பட்ட வாட்டில் மரமும் அப்படியே. சமவெளியில் உண்ணிச்செடியும் ஆகாயத்தாமரையும் அழகுக்காகவே இந்நாட்டுக்கு வந்தவை. இன்று ஒன்று காட்டையும் மற்றொன்று ஏரியையும் மூடிக்கிடக்கிறது. எதற்கும் சாகாத செடி என்று விற்பவர் சொன்னால், அது வீட்டுத் தோட்டத்தோடு நிற்குமா, அடுத்த வயலுக்கும் செல்லுமா என்று கேட்பது குடியானவரின் கடமை. ஊராட்சிகளும் சாலைத் துறைகளும் சில ஆண்டுகளாக விரும்பி நட்ட கோனோகார்ப்பஸ் என்னும் மரத்தை 2023 ஆம் ஆண்டில் குஜராத் அரசு தடைசெய்தது. 2025 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும் அது விலக்கப்பட்டது. அதுவும் வெயிலையும் உப்பையும் மிக நன்றாகத் தாங்கியதே.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் இவ்விஷயத்தில் வீட்டுக்காரரைக் காட்டிலும் பொறுப்புடையவர்கள். வீட்டுக்காரர் நட்டுச் செத்த செடி அவர் பணம்; பள்ளிக்கூடத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் செத்த செடி ஊர்ப்பணம். ஜூன் 5 ஆம் நாள் உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதால் அன்று கன்று நடும் விழா எங்கும் நடைபெறுகிறது. அந்நாள் வைகாசியில் வருவது. மாதனூரில் கத்திரியின் சூடு அப்போது தணிந்திராது. இப்பகுதியில் மழை மிகுவது ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களிலேயே. ஜூன் 5 அன்று குழி வெட்டி, எருவும் மண்ணும் கலந்து ஆறப்போட்டு, கன்றை ஆடிக் கடைசியில் நட்டால் விழாவும் நடக்கும், கன்றும் பிழைக்கும். புகைப்படத்துக்குக் குழி போதாது என்று கருதுவோர், நட்ட கன்றுகளில் எத்தனை அடுத்த சித்திரையில் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்து, அந்த எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதட்டும்.

செடி வாங்கும்முன் கிணற்று நீரைச் சோதிக்க விரும்புவோர், மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதன்பின் வரும் நீராலேயே ஒரு பிளாஸ்டிக் புட்டியை இருமுறை அலசி, ஒரு லிட்டர் அளவு நிரப்பி இறுக மூடவேண்டும். பெயர், ஊர், புல எண், கிணறா ஆழ்குழாயா என்ற விவரம் ஆகியவற்றை எழுதி ஒட்டி, மறுநாளைக்குள் சோதனைச் சாலையில் சேர்ப்பது நலம். மழைக்குப் பின் எடுத்த நீர் நல்லதாகக் காட்டும்; ஆதலால் பங்குனி சித்திரையில் எடுத்த மாதிரியையே செடித் தேர்வுக்கு நம்பவேண்டும். வேலூர் சாலையில் விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலும் அறிவியல் நிலையத்திலும் இதுபற்றி விசாரித்துக்கொள்ளலாம்.